தோழி கேட்டால் அவள் என்ன சொல்வாள்? சமய பாடத்தை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மகரகம தேசிய கல்வி நிறுவகத்தில் சமய பாடங்களுக்குப் பாடத்திட்டம் வகுப்போருக்கும், பரீட்சைத் திணைக்களத்தில் அப்பாடங்களுக்கு வினாத்தாள் தயாரிப்போருக்கும்,

மன்னார் மாவட்டத்திலிருந்து வணக்கம்.

நான் தமிழ்மொழி மூலப் பாடசாலை ஒன்றில் சைவநெறி கற்பிக்கும் ஆசிரியை. கல்விச் சீர்திருத்தத்தின் பெயரால் பாடத்திட்டங்கள் மறுபடி எழுதப்படும் காலம் இது. எந்தப் பாடம் கட்டாயம், எது தெரிவு, சாதாரண தரத்தில் எத்தனை பாடங்களுக்குப் பரீட்சை என்றெல்லாம் பத்திரிகைகளில் வாதம் நடக்கிறது. எங்கள் பாடத்தைப் பொறுத்தவரை, அது இருக்க வேண்டுமா போக வேண்டுமா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இருந்தால் அந்தப் பாடவேளையில் என்ன நடக்க வேண்டும் என்று எவரும் கேட்கக் காணோம். நான் எழுதுவது அதைப் பற்றி.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரம் 10, 11 சமய பாடத்தின் முதன்மைத் தேர்ச்சியாக இதை வையுங்கள்: ஒரு பிள்ளை தன் சமயத்தை, அந்தச் சமயத்தைச் சேராத தன் வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்ல வேண்டும், அந்தப் பிள்ளை தன் சமயத்தைப் பற்றிச் சொல்வதைக் கேட்டு, திரிக்காமல் திருப்பிச் சொல்லவும் வேண்டும். பாடநூலும் வினாத்தாளும் ஆசிரியர் பயிற்சியும் இதற்கேற்ப மாற வேண்டும்.

எங்கள் மாவட்டத்தின் நிலையைச் சொன்னால் இந்தக் கோரிக்கை எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குப் புரியும். மன்னாரில் கத்தோலிக்கர் பெரும்பான்மை. சைவரும் முஸ்லிம்களும் அவர்களோடு கலந்து வாழ்கிறார்கள். எல்லோர் வீட்டிலும் பேச்சு தமிழ்தான். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒரே வாங்கில் இருக்கும் பிள்ளைகள், சமய பாடவேளைக்கு மணி அடித்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பிரிகிறார்கள். எண்ணிக்கை கூடியவர்கள் வகுப்பறையிலேயே இருப்பார்கள். மற்றவர்கள் நூலகத்துக்கோ மண்டபத்தின் மூலைக்கோ மரநிழலுக்கோ போவார்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன் பிள்ளைகளுக்குக் ‘கிறிஸ்தவம்’ என்று தனிப் பாடம் இருக்கிறது. அதற்கு ஆசிரியர் கிடைப்பது அரிது. ஆசிரியர் இல்லாத சமயத்துப் பிள்ளை அந்த நேரம் முழுவதும் சும்மா இருக்கும். பாடவேளை முடிந்ததும் எல்லோரும் பழைய வாங்குக்கே திரும்பி வருவார்கள். தரம் 1 தொடங்கி 11 வரை இப்படித்தான். பதினொரு ஆண்டுகள் தோளோடு தோள் உரச இருந்த தோழி அந்த நேரத்தில் என்ன படித்தாள் என்பது மற்றவளுக்குத் தெரியாமலே பாடசாலைக் காலம் முடிந்துவிடுகிறது.

இனி, பிரிந்து போய்ப் படிக்கும் அந்த ஒன்றையாவது பிள்ளை உள்வாங்குகிறதா என்று பாருங்கள்.

ஒருமுறை மற்றச் சமய ஆசிரியர்கள் செயலமர்வுக்குப் போயிருந்தபோது, தரம் 10 பிள்ளைகள் அனைவரும் ஒரே அறையில் என் பொறுப்பில் இருந்தார்கள். பாடம் எடுக்காமல் அவர்களைப் பேசவிட்டேன். முஸ்லிம் பிள்ளை ஒருத்தி, எந்தக் குத்தலும் இல்லாமல், அறியும் ஆவலோடு தன் சைவத் தோழியிடம் கேட்டாள்: “நீங்கள் ஏன் கல்லைக் கும்பிடுகிறீர்கள்?”

அந்தச் சைவப் பிள்ளை கெட்டிக்காரி. அருவம், உருவம், அருவுருவம் என்ற மூன்று திருமேனிகளையும் தவணைப் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதியவள். சிவலிங்கம் எத்திருமேனி என்று கேட்டால் தூக்கத்திலும் சரியான விடையின் கீழ் கோடிடுவாள். தோழிக்கு அவள் சொன்ன பதில், “எங்கள் வழக்கம் அது.” அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

பதில் அவளிடமே இருந்தது. கண்ணுக்கும் கருத்துக்கும் எட்டாத இறைவன், தன்னை நினைக்க ஒரு பற்றுக்கோடு தேடும் உயிர்களுக்கு இரங்கி, முகமும் கைகாலும் இல்லாத, ஆனால் கண்ணால் காணத்தக்க ஒரு குறியில் நின்று அருள்கிறான் என்பதுதானே அருவுருவம்? அவள் அதைப் பல்தேர்வு வினாவுக்குரிய விடையாகப் படித்திருந்தாள். உயிருள்ள ஒரு பிள்ளை எதிரே நின்று கேட்கும் கேள்விக்கும் அதுவே விடை என்பதைக் காட்டும் வழி அவள் படித்த பாடத்திட்டத்தில் இல்லை.

பேச்சு அங்கே நிற்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த கத்தோலிக்கப் பையன் பக்கம் அந்த முஸ்லிம் பிள்ளை திரும்பினாள். மடுவில் மாதா சுரூபத்தின் முன்னால் மட்டும் ஏன் முழந்தாளிடுகிறீர்கள் என்று அவனிடம் கேட்டாள். அவனும் திணறினான். ஆராதனை கடவுள் ஒருவருக்கே, மாதாவிடம் பரிந்துரை கேட்கிறோம், சுரூபம் அவரை நினைவூட்டுகிறது என்பதெல்லாம் அவனுடைய மறைக்கல்வியில் உள்ளவைதான். அடுத்தது சைவப் பிள்ளையின் முறை: “ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கஃபாவில் இருக்கும் கறுப்புக் கல்லை முத்தமிடுகிறார்களே, அது மட்டும் என்ன?” இம்முறை முஸ்லிம் பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் மௌலவியிடம் கேட்டு வந்து சொன்னாள். ‘நீ வெறும் கல், உன்னால் நன்மையும் இல்லை தீமையும் இல்லை, நபியவர்கள் முத்தமிட்டதை நான் பார்த்திராவிட்டால் உன்னை முத்தமிட்டிருக்க மாட்டேன்’ என்ற பொருளில் கலீபா உமர் அந்தக் கல்லை நோக்கிச் சொன்ன செய்தி ஹதீஸில் இருக்கிறது என்றாள்.

அதைக் கேட்ட சைவப் பிள்ளை என்னைப் பார்த்தாள். “அப்படியானால் நாங்களும் கல்லை வணங்கவில்லை, கல்லில் எழுந்தருளச் செய்த இறைவனைத்தான் வணங்குகிறோம், இல்லையா ரீச்சர்?” ஆவாகனம் என்ற கிரியையை வரைவிலக்கணமாகப் பாடமாக்கியிருந்த பிள்ளை, அதன் பொருளைத் தொட்டது அப்போதுதான். மூவரில் ஒருவருடைய நம்பிக்கையும் அன்று குலையவில்லை. தன் சமயத்தைத் தானே எட்டிப் பார்க்க மூவருக்கும் அடுத்தவருடைய கேள்வி தேவைப்பட்டது.

இப்போது வினாத்தாளுக்கு வருகிறேன். வகுப்பறையை ஆள்வது அதுதான். பாடத்திட்டத்தின் முன்னுரையில் எவ்வளவு உயர்ந்த குறிக்கோள் எழுதினாலும், தரம் 10 தொடங்கியதும் பிள்ளைகளும் பெற்றோரும் கையில் எடுப்பது கடந்தகால வினாத்தாள்களை. முதலாம் பத்திரத்தில் நாற்பது பல்தேர்வு வினாக்கள். திருமுறைகள் பன்னிரண்டு, நாயன்மார் அறுபத்துமூவர், மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கு, இன்ன நாயனார் இன்ன ஊர், இன்ன தலத்துக்கு இன்ன தீர்த்தம். சமய பாடத்தில் ‘ஏ’ எடுப்பது எளிது என்று பெற்றோர் சொல்கிறார்கள். மற்றப் பாடங்களில் விட்ட புள்ளியை இதில் பிடிக்கலாம் என்று தனியார் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளை பரீட்சை எழுதி வெளியே வருகிறது. அடுத்த மாதம் அறுபத்துமூவரில் ஆறு பேர் நினைவில் இருந்தால் பெரிது.

மனனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேவாரத்தைப் பாடமாக்காத சைவப் பிள்ளையை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. பதினைந்து வயதில் நாவில் ஏறிய பதிகம், ஐம்பது வயதில் துன்பம் வரும்போது தானே எழுந்து வரும். ஆனால் பாடலை மனனம் செய்வது வேறு, பாடலைப் பற்றிய விவரத்தை மனனம் செய்வது வேறு. எங்கள் வினாத்தாள் பெரும்பாலும் இரண்டாவதையே கேட்கிறது.

திருநாளைப்போவார் நாயனாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதனூரில் பிறந்தவர், திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகியது, தில்லையில் தீக்குழியில் இறங்கி முனிவர் கோலத்தோடு எழுந்தார். இவ்வளவும் வினாத்தாளுக்கு ஏற்ற செய்திகள். ஆனால் தரம் 10இல் இதைப் படிப்பிக்கும்போது ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: “இறைவனே அழைத்தவர் ஏன் தீயில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும்?” கேட்கும் பிள்ளையின் கண்ணைப் பார்த்தாலே, அது எந்த வீட்டிலிருந்து வருகிறது, அந்த வீட்டார் எந்தக் கோயிலின் எந்த வாசல்வரை போனவர்கள் என்பது சில சமயங்களில் எனக்குத் தெரிந்துவிடும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடக் கேட்டு மக்கள் போராடிய வரலாறு எங்களுடையது. ‘கோத்திரமும் குலமும் கொண்டு என் செய்வீர்’ என்று பாடிய அப்பரும் எங்களுடையவர். இவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளையை எழுதச் சொல்லும் ஒரு வினாவை உங்கள் வினாத்தாளில் பார்க்க ஆசைப்படுகிறேன். சைவத்தின் மானம் அதனால் குறையாது. கேள்வி கேட்ட பிள்ளையைச் சைவத்துக்குள் வைத்திருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தவர் கேள்விக்கு வருவோம். மன்னாரில் அது வெறும் அறிவு ஆவலோடு முடிகிற விடயமல்ல. இந்த மண்ணில் ஒவ்வொரு சமயத்தாரும் ஒவ்வொரு காலத்தில் அடிபட்டிருக்கிறார்கள்.

1544இல் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி, மன்னாரில் கத்தோலிக்கத்தைத் தழுவிய நூற்றுக்கணக்கானோரைக் கொல்வித்தான். கத்தோலிக்கப் பிள்ளைகள் அவர்களை வேதசாட்சிகள் என்று அறிந்து வளர்கிறார்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்று சைவப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்கிறார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். அடிபடும் முறை கத்தோலிக்கருக்கு வந்தது. மாந்தையில் இருந்த மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670இல் குடும்பங்கள் காட்டுக்குள் ஓடின. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் மருதமடு, இன்று மடு மாதா கோயில் இருக்கும் இடம். இடிந்த சிவன் கோயிலும், ஓடிப்போன மாதாவும் ஒரே மாந்தையைச் சேர்ந்தவர்கள் என்பதை எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் வாழ்ந்தவர்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டுப் புத்தளத்துக்குப் போனார்கள். போருக்குப் பின் திரும்பி வந்தோரின் பிள்ளைகள் இன்று எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். ஏன் போனோம் என்பதை அவர்களும் வீட்டில் கேட்டுத்தான் வளர்கிறார்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பாட்டன் பட்ட அடி தெரியும். தன் பாட்டனைச் சேர்ந்தவர்கள் கொடுத்த அடி தெரியாது. இந்த அரை அறிவை நாங்கள் தனித்தனி அறைகளில் வைத்து இன்னும் இறுக்கிவிடுகிறோம்.

2019 மார்ச் மாதம், சிவராத்திரிக்கு முந்தின நாள், திருக்கேதீச்சர வீதியில் எழுப்பப்பட்ட வரவேற்பு வளைவு பிடுங்கி வீழ்த்தப்பட்டது. வீழ்த்தியவர்களும் தமிழர், கொதித்தவர்களும் தமிழர். ஒரே ஊரவர். சில வாரங்களில், ஏப்ரல் 21ஆம் திகதி, கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. கொழும்பு விடுதிகளில் இறந்தோரையும் சேர்த்தால் 250க்கும் மேற்பட்டோர். சீயோனில் மாண்டவர்களில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அதன் பிறகு பாடசாலைகள் திறந்தபோது பைகளைச் சோதித்தோம். முக்காடு போட்ட பிள்ளைகளை எல்லோரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு மாற்றாக எதையும் பாடசாலையால் கொடுக்க முடியவில்லை. காரணம் எளியது. இஸ்லாம் என்றால் என்ன என்று கேட்டால், கத்தோலிக்கப் பிள்ளைக்கும் சைவப் பிள்ளைக்கும் தொலைக்காட்சி சொன்னதைத் தவிர வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை.

சமய பாடம் மட்டும் மாறியிருந்தால் குண்டு வெடித்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பின் வந்த மாதங்களில் வாங்கில் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து ஒதுங்கிய பிள்ளை, ஒதுங்காமல் இருந்திருக்கும். எனக்கு அது போதும்.

இந்தக் கோரிக்கைக்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். அவற்றில் ஒன்று மிகவும் கனமானது. எங்கள் பெற்றோரே அதைச் சொல்வார்கள்: பிள்ளைக்கு இன்னொரு சமயத்தைச் சொல்லிக் கொடுத்தால் மதம் மாறிவிடும். போரிலும் வறுமையிலும் நொந்த கிராமங்களில் உதவிப் பொதியோடு வரும் சபைகளைக் கண்டவர்கள் அவர்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான். தன் சமயத்தை எடுத்துச் சொல்லத் தெரிந்த பிள்ளையை ஒரு பொதி அரிசியால் அசைக்க முடியாது. “எங்கள் வழக்கம் அது” என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். விரும்பிய சமயத்தைக் கைக்கொள்ளும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை எல்லோருக்கும் தருகிறது. அந்தச் சுதந்திரத்தைக் கையாளத் தெரிந்த பிள்ளையை உருவாக்குவது பாடசாலையின் கடமை. கூட்டு வகுப்பில் வழிபாடு கூடாது, ஒருவர் மற்றவரை அழைப்பதும் கூடாது என்று எழுத்தில் விதியாக்குங்கள். பெற்றோரின் சம்மதம் கேளுங்கள். அதற்கு நான் முழு உடன்பாடு.

சைவப் பெரியோர் சிலர் நாவலரை முன்னிறுத்தி என்னை மறுப்பார்கள். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, சைவப் பிள்ளைகளுக்கென்று பாடநூல் எழுதிய ஆறுமுக நாவலரை நானும் தினமும் வணங்குகிறேன். அவர் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழாக்கியவர். எதிர்த்து வாதாடிய சமயத்தின் நூலை வரிவரியாக அறிந்திருந்தவர். கேதீச்சரத்தை மீட்க வேண்டும் என்று முதலில் குரல் எழுப்பியவரும் அவர்தான். அடுத்தவர் நூலை அறிந்ததால் அவருடைய சைவம் தேய்ந்ததா?

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு யோசனை வருகிறது: சமய பாடங்களை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக ‘விழுமியக் கல்வி’ என்று ஒன்றை வைக்கலாம். நல்ல மனதோடு சொல்கிறார்கள். ஆனால் உண்மை பேசு, பெரியோரை மதி, சூழலைக் காப்பாற்று என்று எந்தச் சமயத்தின் வாசனையும் இல்லாமல் எழுதப்படும் பாடத்தில் எந்தப் பிள்ளைக்கும் தாகம் தீராது. சாவு வீட்டிலிருந்து வரும் பிள்ளை, “அம்மா இப்போது எங்கே ரீச்சர்?” என்று கேட்கும்போது அந்தப் பாடநூலின் எந்தப் பக்கத்தைத் திறப்பது? ஆணவம், கன்மம், மாயை என்றும், உயிர்த்தெழுதல் என்றும், மறுமை என்றும் அவரவர் சமயம் அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில்கள் வேறு வேறு. வேறுபாட்டை மறைத்துப் பிள்ளைகளை ஒற்றுமையாக்க முடியாது. அதை அவர்கள் கண்ணெதிரே வைத்து, இருந்தும் நாம் ஒரே வாங்கில் இருக்கலாம் என்று காட்டத்தான் முடியும். ஆகவே பாடங்களைக் கலக்க வேண்டாம். சைவநெறி சைவநெறியாகவே இருக்கட்டும். இடையில் ஒரு கதவு திறக்கட்டும்.

எப்படிச் செய்யலாம் என்று எங்களுக்குள் பேசிப் பார்த்திருக்கிறோம். தரம் 10இல் ஒரு தவணைக்குரிய பாடவேளைகளில் ஒரு பகுதியைக் கூட்டு அலகாக ஒதுக்கலாம். அந்தந்தச் சமயத்தை அந்தந்தச் சமய ஆசிரியரே எடுத்துரைக்க வேண்டும். இஸ்லாத்தைப் பற்றிச் சைவ ஆசிரியை எழுதிய ஓர் அத்தியாயத்தைப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது எத்தனை அன்போடு எழுதப்பட்டாலும் வெளியிலிருந்து பார்த்த பார்வையாகத்தான் இருக்கும். ஆசிரியர் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் கேட்க வேண்டும், பிள்ளைகளே பதில் சொல்ல வேண்டும். நோன்பு ஏன், தவக்காலம் ஏன், கந்தசஷ்டி விரதம் ஏன் என்று ஒரு பொதுப் பொருளை எடுத்தால் மூன்று சமயத்துப் பிள்ளைகளிடமும் சொல்ல ஏதாவது இருக்கும். மாந்தையின் வரலாற்றை மூன்று ஆசிரியர்களும் சேர்ந்திருந்து சொல்ல வேண்டும். சங்கிலியையும் போர்த்துக்கேயரையும் 1990ஐயும் விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது.

இரண்டாம் பத்திரத்தில் ஒரு கட்டாய வினா இந்த அலகிலிருந்து வரட்டும். ‘சிவலிங்கத்தை ஏன் வணங்குகிறாய் என்று உன் முஸ்லிம் தோழி கேட்கிறாள். அவளுக்கு விளங்கும்படி ஒரு கடிதம் எழுதுக.’ ‘உன் கத்தோலிக்க நண்பன் பாவமன்னிப்பைப் பற்றிச் சொன்னதை, அவன் வாசித்தால் “ஆம், நான் சொன்னது இதுதான்” என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுக.’ இவை போன்ற வினாக்களுக்குப் புள்ளி இடுவது கடினம் என்பீர்கள். தமிழ்ப் பாடத்தில் கட்டுரைக்கும் கடிதத்துக்கும் எப்படிப் புள்ளி இடுகிறீர்களோ, அப்படியே இடலாம். தெளிவுக்கு இவ்வளவு, தன் சமய நூலிலிருந்து காட்டும் சான்றுக்கு இவ்வளவு, அடுத்தவர் கருத்தைத் திரிக்காமைக்கு இவ்வளவு. பிள்ளையின் பக்திக்கு மட்டும் புள்ளி இட வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் முழுவதும் சைவப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கும், தெற்கில் முழுவதும் பௌத்தப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கும் இந்த வழி அப்படியே பொருந்தாது. அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை என்பது என் எண்ணம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் பத்தில் ஏழு பேர் பௌத்தர். அவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு சைவப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசியிருப்பார்கள்? எங்கள் பிள்ளைகளுக்குப் பௌத்தம் என்றால் இராணுவ முகாம் வாசலில் உள்ள புத்தர் சிலைதான். பௌத்தர்களின் சில் நோன்பும் போயா எனும் பௌர்ணமி நாளும் என்னவென்று எவரும் சொல்லவில்லை. இதற்குப் பாடசாலைப் பரிமாற்றம், காணொளி வழியாக இரு வகுப்புகளைச் சேர்த்தல் என்று வழிகள் உண்டு. வகுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

ஆசிரியர் இல்லாத பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியர் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையை வேறு சமயப் பாடத்துக்குத் தள்ளி, அதிலேயே சாதாரண தரப் பரீட்சை எழுத வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பிள்ளை விரும்பி எடுத்தால் அது அதன் உரிமை. வேறு வழியில்லாமல் எடுத்தால் அது அநீதி. வலயத்துக்கு ஒருவராவது பல பாடசாலைகளுக்குச் சென்று கற்பிக்கும்படி நியமியுங்கள். கல்வியியற் கல்லூரிகளில் பயிலும் சமய ஆசிரியர்களைப் பயிற்சிக் காலத்தில் சில நாட்களாவது ஒன்றாக இருத்துங்கள். ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பழகாத ஆசிரியர்களால் பிள்ளைகளைக் கேட்கவிட முடியாது.

எங்கள் பகுதியில் சைவநெறி, கத்தோலிக்கம், இஸ்லாம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, மேலே சொன்ன கூட்டு அலகுக்கு ஒரு மாதிரி வரைவையும், புள்ளியிடும் திட்டத்தோடு மாதிரி வினாக்களையும் எழுதி வைத்திருக்கிறோம். தரம் 10 பாடநூல் அச்சுக்குப் போவதற்கு முன் அவற்றை நீங்கள் பார்க்க வேண்டும். மன்னார், மடு ஆகிய இரு வலயங்களிலும் விரும்பும் பாடசாலைகளில் ஓர் ஆண்டு இதை நடத்திப் பார்க்க அனுமதி தாருங்கள். வரைவை அஞ்சலில் கேட்டாலும் அனுப்புவோம். மகரகமவுக்கு அழைத்தால் மூன்று சமயத்து ஆசிரியர்களும் ஒன்றாகவே வருவோம்.

இப்படிக்கு,
மன்னார் மாவட்டத்தில் சைவநெறி கற்பிக்கும் ஆசிரியை